ஒரு கணத் தொடுகை

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று, தாம் பயின்ற காலத்திலே கல்லூரி எவ்வாறு இருந்தது என்பது. மற்றது, இக்கால மாணவர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது. இவ்விரண்டையும் எம்மினும் வல்லார் பலர் இம்மலரிலே எழுதியிருப்பர். ஆதலின், எம்மையும் ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தபோது, நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்ட தொழிலிலிருந்தே ஒரு பொருளைத் தெரிந்துகொண்டோம். பொருள் மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்குவது, விலையும் பெரிதன்று. மின்வேலை செய்வோர் அதனை றிலே என்பர். ஒரு பொத்தானை ஒரு கணம் தொட்டு ஒரு மோட்டரை முன்னும் பின்னுமாகச் சுழற்றுதற்கு இக்கருவிகள் இரண்டு போதும். அவற்றை இணைக்கும் வகை யாது, அவ்விணைப்பு எம் தோழர் ஒருவரின் வீட்டிலே எதற்குப் பயன்பட்டது, அதனால் நாம் கற்றது யாது என்பவற்றை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் மின்மணியை இயக்கிப் பார்த்தவர் அனைவர்க்கும் இப்பொருளின் அடிப்படை தெரியும். கம்பியிலே மின்னோட்டம் பாயும்போது அருகிலுள்ள காந்த ஊசி திரும்புகின்றது என்பதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்ரெட் 1820 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்தாண்டுகள் கழிய, இங்கிலாந்தின் ஸ்ரேர்ஜன் என்பார் வளைத்த இரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்காந்தம் ஆக்கினார். பின்னர் அமெரிக்கப் பேராசிரியர் யோசேப்பு ஹென்றி, தொலைவிலிருந்து நீண்ட கம்பிவழியே மெலிந்து வரும் ஓட்டத்தினால் ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கி, அம்மின்காந்தத்தைக் கொண்டு வலிய ஓட்டமுள்ள வேறொரு சுற்றைத் திறக்கவும் மூடவும் செய்யலாம் எனக் காட்டினார். 1835 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இதனையே றிலேயின் பிறப்பென்பர். நெடும்பயணத்திலே களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டு, வழியிலுள்ள தங்குமிடத்தில் புதுக்குதிரையைப் பூட்டும் வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்தது. கருத்தும் அதுவே: மெலிந்தது செய்தியைக் கொண்டுவருகின்றது, வலியது வேலையைச் செய்கின்றது.

இன்று மோட்டர் வாகனங்களிலே காணப்படும் றிலேயைக் கையிலெடுத்துப் பாருங்கள். அடியிலே ஐந்து முடிவிடங்கள் இருக்கும். 85, 86 என எண்ணிட்டவை சுருளின் இரு முனைகள். 30 என்பது அசையும் இரும்பு நாவுடன் தொடுக்கப்பட்டது. சுருளிலே ஓட்டம் இல்லாதபோது, அந்நா ஒரு வில்லினால் இழுக்கப்பட்டு 87ஏ என்னும் தொடுகையில் சாய்ந்திருக்கும். சுருளுக்கு 12 வோல்ற்று கொடுத்தவுடன் 'டிக்' என்னும் ஓசையுடன் நா 87 என்னும் தொடுகைக்குத் தாவும். சுருள் உண்பது ஏறத்தாழ 0.15 அம்பியர், தொடுகை தாங்குவதோ பெரும்பாலும் 30 அம்பியர் வரை. இருநூறு பங்கு பெரிய ஓட்டத்தை ஒரு பங்கு ஓட்டம் ஆள்கின்றது.

நிலைக்காந்தம் பூண்ட நேரோட்ட மோட்டரின் இயல்பு எளியது. அதன் இரு கம்பிகளுள் ஒன்றை நேர்முனைக்கும் மற்றதை மறைமுனைக்கும் கொடுத்தால் ஒரு திசையிற் சுழலும். மாற்றிக் கொடுத்தால் மறுதிசையிற் சுழலும். ஒவ்வொரு முறையும் கம்பியைக் கழற்றி மாற்றுவது ஆகாத செயல். ஆகவே, மோட்டரின் இரு கம்பிகளையும் இரண்டு றிலேக்களின் 30 ஆம் முடிவிடங்களிலே கட்டுகின்றோம். இரண்டின் 87ஏ தொடுகைகளையும் பற்றறியின் மறைமுனையிலே சேர்க்கின்றோம். இரண்டின் 87 தொடுகைகளையும் தகுந்த உருகியின் ஊடாக நேர்முனையிலே சேர்க்கின்றோம். இவ்வளவே இணைப்பு.

எதையும் தொடாதபோது மோட்டரின் இரு முனைகளும் மறைமுனையிலே கிடக்கின்றன, மோட்டர் ஓய்ந்திருக்கின்றது. முதலாவது றிலேயின் சுருளுக்கு ஓட்டம் கொடுத்தால் ஒரு முனை மாத்திரம் நேர்முனைக்குத் தாவுகின்றது. மோட்டர் முன்னே சுழல்கின்றது. இரண்டாவது றிலேயை இயக்கினால் பின்னே சுழல்கின்றது. இரண்டையும் ஒருங்கே இயக்கினால் என்னாகும் என மாணவர் வினவலாம். இரு முனைகளும் நேர்முனைக்கே போய்விடும். அவற்றிடையே அழுத்த வேறுபாடு இல்லாமையின் மோட்டர் நின்றுவிடும். எதுவும் எரியாது. நான்கு தனி ஆளிகளைக் கொண்டு இதே வேலையைச் செய்வாரும் உளர்; ஆங்கே ஒருபக்கத்து ஆளிகள் இரண்டும் ஒருங்கே மூடிக்கொண்டால் நேரும் மறையும் நேரே முட்டிக் கம்பி தீய்ந்துவிடும். றிலேயின் நா ஒன்றேயாதலால் அது ஒரே வேளையில் இரண்டு இடத்தில் இருக்கமாட்டாது. இவ்விணைப்பின் காவல் அந்த ஒற்றை நாவிலே இருக்கின்றது.

மற்றொரு சிறப்பும் உண்டு. சுழன்றுகொண்டிருந்த மோட்டரை விட்டவுடன் அதன் இரு முனைகளும் மறைமுனையிலே ஒன்றுசேர்கின்றன. சுழற்சியின் மிச்சத்தால் மோட்டர் அவ்வேளையில் ஒரு சிறு மின்பிறப்பாக்கியாகி, தான் பிறப்பித்த ஓட்டத்தைத் தன்னுள்ளேயே சுற்றவிட்டுத் தன்னைத் தானே தடுத்துக்கொள்கின்றது. நிற்கும்போது நெடுந்தூரம் நழுவாமல் சட்டென நிற்பது இதனாலேதான். வாகனக் கண்ணாடியை உயர்த்தித் தாழ்த்தும் மோட்டர்கள் பலவற்றிலும் இவ்வமைப்பே உண்டு.

இனி, இது பயன்பட்ட இடத்துக்கு வருவோம். எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த தோழர் ஒருவர் பல ஆண்டுகள் கணித ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 2021 ஆம் ஆண்டில் வீதி விபத்தொன்றிலே அவருடைய கழுத்தென்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். தலையை இருபக்கமும் திருப்பவும், வலக்கைச் சுட்டுவிரலை ஓரளவு அசைக்கவும் அவரால் முடிந்தது. மற்றையவை அவர்க்கு வசப்படவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, உறவினர் ஒருவர் பழைய இரும்புக் கட்டிலொன்றைத் தேடிக் கொடுத்தார். அதன் கால்மாட்டிலுள்ள கைபிடியைச் சுற்றினால் தலைப்பாகம் உயரும். ஒருமுறை உயர்த்துவதற்கு ஏறத்தாழ 20 சுற்றுக்கள் வேண்டும்.

சுற்றியவர் அவருடைய மனைவியார், எழுபதைக் கடந்தவர். உணவு ஊட்டும்போது தலை உயர்ந்திருத்தல் வேண்டும், இல்லையேல் புரையேறும். ஒரே நிலையில் நெடுநேரம் கிடந்தால் படுக்கைப் புண் உண்டாகுமாதலால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது கிடையை மாற்றவேண்டுமென மருத்துவர் சொல்லியிருந்தனர். புரட்டிக் கிடத்துவதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்து வந்தார்கள். ஆனால் இரவிலே மூச்சு முட்டித் தலையை உயர்த்தவேண்டி வரும்போது அம்மையார் ஒருவரே எழுந்து, கட்டிலின் கால்மாட்டிலே முழந்தாளிட்டுச் சுற்றுவார். மனைவியை எழுப்ப மனமின்றி நண்பர் விடியும்வரை பொறுத்துக் கிடந்த இரவுகளும் உண்டு. அவர் பொறுத்துக் கிடக்கின்றார் என்பதை அறிந்து அம்மையாரும் உறங்காதிருந்தார். ஒருவர்க்காக மற்றவர் உறங்காத வீடாக அது இருந்தது.

அதுவோ 2022 ஆம் ஆண்டு. வெளிநாட்டு நாணயம் இன்றி நாடு தவித்த காலம். மின்சாரக் கட்டில் வாங்குவது அவர்க்கு எட்டாத கனவு. வாங்கினும், மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை யாவரும் அறிவர். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்வழங்கலின்றி ஆண்டுக்கணக்காக இருந்தபோது துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையினர் நாம். மின்சாரம் வாராதென்றால் கைகட்டி இருக்கும் வழக்கம் எமக்கில்லை. பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடமொன்றிலே கண்ணாடி உயர்த்தும் மோட்டர் ஒன்றையும், றிலேக்கள் இரண்டையும், 45 அம்பியர் மணி கொள்ளும் பற்றறி ஒன்றையும் பெற்றுக்கொண்டோம்.

மோட்டரிலிருந்து கட்டிலின் திருகாணித் தண்டுக்குச் சுழற்சியைக் கடத்துவதற்குத் துவிச்சக்கரவண்டியின் சங்கிலியே போதுமாயிற்று. மோட்டர்ப் பக்கத்திலே 18 பற்களுள்ள சில்லு. தண்டின் பக்கத்திலே 48 பற்களுள்ள பெரிய சில்லு. இங்கே மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியின் பின்சில்லிலுள்ள பிறீவீல் ஒரு திசையில் மாத்திரமே இழுக்கும்; மறுதிசையில் நழுவும். முன்னும் பின்னும் இயங்கவேண்டிய இடத்திலே அதனை அப்படியே பூட்டினால் கட்டில் உயரும், இறங்காது. ஆதலின் அதன் நழுவும் உறுப்பை ஒட்டி இறுக்கிவிட்டோம். திருகாணிக்கோ இயல்பாகவே ஒரு நற்குணம் உண்டு: சுற்றினால் ஏறும், இறங்கும், சுற்றாவிடின் எவ்வளவு பாரம் வைத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். மின் அற்றுப்போனாலும் கட்டில் விழாது.

இவ்வளவும் எளிதாக முடிந்தது. பொத்தானிலேதான் சிக்கல் எழுந்தது.

மனிதர் அருகிலே இயங்கும் பொறிகளுக்கு, அழுத்திப் பிடித்திருக்கும்வரை இயங்கி, கையை எடுத்தவுடன் நிற்கும் பொத்தானே தகுந்தது. இது தொழிலில் வழிவழி வந்த விதி. கை தளர்ந்தால் பொறி நிற்கும். அச்சத்திலே கையை உதறினாலும் பொறி நிற்கும். நாம் அவ்வாறே செய்யக் கருதினோம். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "நீர் சொல்வது நியாயந்தான். ஆனால், அழுத்திப் பிடித்திருக்க என்னால் முடியாது, தொடத்தான் முடியும். பிடித்திருக்க வலுவுள்ளவனுக்கு இந்தக் கட்டில் எதற்கு?"

அவர் விரலுக்கு ஒரு கணந்தான் வலு இருந்தது. கட்டில் உயர்வதற்கோ 45 விநாடி வேண்டும். ஒரு கணத்தின் கட்டளையை 45 விநாடி மறவாது வைத்திருக்கும் பொறுப்பைப் பொறியே ஏற்கவேண்டும். அதற்கும் வழியுண்டு. றிலே இயங்கியவுடன் அதன் 30 ஆம் முடிவிடம் நேர்முனையோடு சேர்கின்றதல்லவா? அவ்விடத்திலிருந்து ஒரு கம்பியை எடுத்து அதே றிலேயின் சுருளுக்குக் கொடுத்துவிட்டால், பொத்தானை விட்ட பின்னரும் றிலே தன் சுருளுக்குத் தானே ஓட்டம் ஊட்டித் தன்னைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், ஓய்ந்திருக்கும்போது அதே 30 ஆம் முடிவிடம் மறைமுனையிலே கிடப்பதால், அந்நிலையில் பொத்தானை அழுத்தினால் நேரும் மறையும் அக்கம்பியினூடாக முட்டிவிடும். இதைத் தடுப்பதற்கு, ஒருபக்கமாக மாத்திரம் ஓட்டத்தை விடும் இருவாயி ஒன்றை அக்கம்பியிலே இடைவைக்க வேண்டும். ஒரு றிலேக்கு ஒன்றாக இரண்டு இருவாயிகள், அவ்வளவே. பொறிக்கு நினைவு வந்துவிடும்.

இவ்வேலையை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மையார் கதவோரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை, இவர் தொட்டுவிட்டு நித்திரையாய்ப் போனால் அது எங்கே போய் நிற்கும்?" என்றார். மின்னியல் நூல் எதையும் படியாத அவ்வம்மையார் கேட்ட வினாவே அவ்வமைப்பின் உயிர்நிலை. நினைவு கொடுப்பது எளிது. கொடுத்த நினைவை எப்போது விடவேண்டும் என்பதையும் பொறிக்குக் கற்பியாவிட்டால் அது உதவியன்று, ஆபத்து.

ஆகவே மறப்பதற்கு மூன்று வழிகள் அமைத்தோம். முதலாவது, எல்லை ஆளிகள். கட்டில் உச்சிக்கு வந்தவுடன் அதன் சட்டம் ஒரு சிறு ஆளியைத் தட்டும். உயர்த்தும் றிலேயின் சுருள் துண்டிக்கப்படும். அதன்பின் எத்தனை முறை பொத்தானைத் தொட்டாலும் மேலே போகாது. கீழே இறங்க மாத்திரம் விடும். அடியிலும் அவ்வாறே மற்றொன்று. இரண்டாவது, 'நில்' என்னும் ஆளி. நண்பர் தலையைத் திருப்பக்கூடியவராதலின், அவர் கன்னத்தருகே ஓர் அகன்ற தகட்டை வைத்தோம். கன்னம் பட்டாற் போதும். இரண்டு றிலேக்களும் ஒருங்கே விடுபடும். இவ்வாளி இயல்பாக மூடியிருந்து தொடும்போது திறப்பது. அவ்வாறு அமைப்பதே முறை. ஏனெனில் அதன் கம்பி எங்கேனும் அறுந்தாலும் பொறி ஓடாது, நிற்கும். பழுது வந்தால் நிற்கும் பக்கமாக வரட்டும் என்பது எம் தொழிலின் தலையாய நெறிகளுள் ஒன்று. மூன்றாவது, மின் அறுதல். பற்றறியின் கம்பி கழன்றால் றிலே தன் பிடியை விட்டுவிடும். மின் மீண்டபோதும் பழைய கட்டளையை நினைத்துத் தானே எழாது. புதுத் தொடுகைக்குக் காத்திருக்கும். இவையன்றி, உயர்ந்துகொண்டிருக்கையில் தாழ்த்தும் பொத்தானைத் தொட்டாலும் மோட்டரின் இரு முனைகளும் நேர்முனைக்குப் போய் அது நின்றுவிடும்; பின்னர் 'நில்' தகட்டைத் தொட்டு இரண்டையும் விடுவித்துக்கொள்ளலாம்.

சுருளிலே ஓட்டம் அறும்போது அதன் காந்தப்புலம் குலைந்து உயர்ந்த வோல்ற்று எழுந்து பொத்தானின் தொடுகையை அரிக்குமாதலால், ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் மற்றுமோர் இருவாயி வைத்தோம். 15 அம்பியர் உருகி பற்றறியின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. மோட்டர் உண்டது ஏறத்தாழ 6 அம்பியர். 45 விநாடிக்கு 6 அம்பியர் என்றால் ஒருமுறைக்கு 0.075 அம்பியர் மணி. நாளொன்றுக்கு 20 முறை இயக்கினாலும் 1.5 அம்பியர் மணியே செலவாகும். பற்றறியிலே பாதியைச் செலவிட்டாலும் மின்வழங்கலின்றி இரண்டு வாரம் தாங்கும். இக்கணக்கை நண்பர் படுத்தபடியே மனத்தாற் செய்து எமக்குச் சொன்னார். விபத்துக்குப் பின் அவர் முகம் ஆசிரியர் முகமாக மாறியதை அன்றுதான் கண்டோம்.

முதல் மூன்று நாட்கள், வெறுங்கட்டிலில் ஒரு மணல்மூட்டையை வைத்து நூறு முறைக்கு மேல் உயர்த்தித் தாழ்த்திப் பார்த்தோம். கையோ போர்வையோ சட்டத்திடையே அகப்படாதபடி இருபக்கமும் பலகை அடித்தோம். அதன் பின்னரே அவரைக் கிடத்தினோம். தொடக்கத்தில் அம்மையார் அந்த 'டிக்' ஓசைக்காகவே விழித்திருந்தாராம். ஓசை கேட்கும், எழுந்துவந்து பார்ப்பார், கணவர் தலையுயர்த்தி அமைதியாகக் கிடப்பார். சில நாட்களில் ஓசை பழகிவிட்டது. ஒருநாட் காலை எம்மைக் கண்டபோது, "நேற்று இரவு இவர் எத்தனைமுறை எழும்பினாரென்று எனக்குத் தெரியாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒரு நன்றியுரை எமக்கு வேண்டியிருக்கவும் இல்லை.

நண்பர் 2024 ஆம் ஆண்டில் இறையடி சேர்ந்தார். கட்டில் இப்போது வேறொரு வீட்டிலே, இடுப்பு முறிந்த ஒருவர்க்குப் பயன்படுகின்றது. அவர்க்குக் கைகளிலே வலு உண்டு. ஆதலின் பிடித்துவைக்கும் இருவாயிகள் இரண்டையும் கழற்றிவிட்டோம். அழுத்தியிருக்கும்வரை இயங்கி, விட்டவுடன் நிற்கும் பழைய விதிக்கு அது திரும்பிவிட்டது. ஆளுக்கேற்ப விதி தளர்ந்தது. ஆள் மாறியபோது விதி மீண்டது. பொறியை மனிதனுக்கு இசைவிப்பதே தொழில். மனிதனைப் பொறிக்கு இசையச் சொல்வது தொழிலாகாது.

இன்று இவ்வேலையை ஒரு சிறு கணினிச் சில்லினாலும் செய்யலாம். இன்னும் நேர்த்தியாகவும் செய்யலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சில்லைக் கொண்டு செய்பவனும், "தொட்டவர் நித்திரையாய்ப் போனால் எங்கே போய் நிற்கும்?" என்னும் வினாவுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். அவ்வினா கருவிக்குக் கருவி மாறுவதன்று.

விழாக் காலத்திலே கல்லூரிக்குப் பல நன்கொடைகள் வரும். மண்டபங்களும் மதில்களும் எழும். அவை வேண்டியனவே. அவற்றோடு, ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலே ஒரு மரமேசை, ஒரு பற்றறி, சில றிலேக்கள், ஒரு பழைய மோட்டர், கம்பி, முறுக்காணிச்சாவி ஆகிய இவ்வளவையும் வைத்து, பாடசாலை விட்டபின் மாணவர் தொட்டுப் பழக இடம் செய்யவேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம். பொருட்களை நாம் தருவோம். சனிக்கிழமைகளில் வந்து உடனிருக்கவும் ஆயத்தமாயுள்ளோம். பரீட்சை வினாத்தாளிலே மின்காந்தத்தின் படத்தைக் கீறிப் புள்ளி பெறும் பிள்ளை, அதே மின்காந்தத்தால் அயல்வீட்டுக் கட்டிலை உயர்த்தவும் அறிந்திருத்தல் நன்று.

கல்வி தந்த கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் பிள்ளைகளின் கைகள் பிறர்க்குப் பயன்படுக!